பின்படி இருக்கை

மே 7, புதன்

பால் பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது. அவர் அடுப்புக்கு முன்னால்தான் நின்றிருந்தார். "ஏனுங் மாமா, பாத்துட்டே நிக்கறீங்க?" என்றேன். "ம்?" என்றார். பிறகு கரித்துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். இந்த வாரம் முழுக்க வெயிலில் பஸ்ஸோடு கிடக்கிறார். அலுப்பு.

சனிக்கிழமை ஆய்வு. வருஷா வருஷம் மே மாதத்தில் பள்ளிக்கூடப் பஸ்களை எல்லாம் ஒரே மைதானத்தில் வரிசை கட்டி நிறுத்தி அதிகாரிகள் பார்ப்பார்கள். தேறினால்தான் ஜூனில் ரோட்டில் இறங்கலாம். அவர் ஓட்டும் பஸ் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில்தான் நிற்கிறது. அதனால் இந்த மாதம் அது எங்கள் வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி. அதற்குக் குளியல், சாயம், மருந்து எல்லாம்.

மருந்து என் இலாகா. முதலுதவிப் பெட்டியைக் கொட்டிப் பார்த்தால் டிஞ்சர் போன வருஷமே காலாவதி. கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கிவந்து அடுக்கினேன். சாயங்காலம் பின்னாலிருக்கும் அவசர வழிக் கதவை உள்ளேயிருந்து வர்ணிகாவைத் திறக்கச் சொன்னார். கைப்பிடியில் தொங்கிப் பார்த்தாள், அசையவில்லை.

"அது திறக்கோணும் சாமி. பெரியவங்க யாரும் இல்லீன்னாலும் நீ திறக்கோணும்," என்று கிரீஸ் தடவினார். மறுபடி தொங்கினாள். மறுபடி கிரீஸ். ஐந்தாறு தடவைக்குப் பிறகு கதவு பட்டென்று திறந்து, அவள் அவர் கைக்குள்ளேயே விழுந்தாள். அதற்கப்புறம் விளையாட்டே அதுதான். சோறு உண்ண வரச் சொல்லி நான் கத்த வேண்டியதாயிற்று.

ஜூனில் வர்ணிகா எல்.கே.ஜி. அப்பாவே ஓட்டுகிற பஸ். "இதைவிட எந்த அம்மாவுக்குடி நிம்மதி கெடைக்கும்?" என்று எங்கள் அம்மா போனில் கேட்டாள். ஆமாம் என்றேன். நாக்பூர் வரைக்கும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவரைப் பிடிவாதம் பிடித்து இந்த வேலைக்குக் கொண்டுவந்ததே நான்தான். வீட்டில் இருக்கட்டும், கண் முன்னால் இருக்கட்டும் என்று.

மே 10, சனி

பஸ் தேறிவிட்டது. காக்கிச் சட்டையோடு, பழனிக்குப் போய்வந்தவர் மாதிரி முகமெல்லாம் களையாக வந்தார்.

பிரேக், கண்ணாடி, ஜன்னல் கம்பி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, படிக்கட்டின் உயரம், முன்னும் பின்னும் கேமரா என்று ஒன்று விடாமல் பார்த்தார்களாம். தீயணைப்புத் துறையினர் நெருப்பை மூட்டிவிட்டு டிரைவர்களையே அணைக்கச் சொன்னார்களாம். அப்புறம் டிரைவர்களுக்கு மருத்துவ முகாம்.

"கடைசி வரி பொடி எழுத்தையும் படிச்சுட்டேன் இந்து. பக்கத்துல ஒருத்தன் மொத வரிக்கே மொளகாய் தின்னவனாட்டம் கண்ணைக் கசக்கறான். பாவம், வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"வேறென்ன கேட்டாங்க?"

"சுகரு, பிரசரு. மயக்கம், வலிப்பு ஏதாச்சும் உண்டான்னாங்க. இல்லீங்கன்னேன்."

அவர் சொன்னது சரிதான். மார்ச் மாதம் ஒரு விடியற்காலையில் கட்டிலிலிருந்து விழுந்தார், அவ்வளவுதான். முந்தின நாள் பள்ளி ஆண்டு விழா. நேரத்துக்குச் சாப்பிடாமல் பஸ் எடுத்திருந்தார். யாருக்குத்தான் மயக்கம் வராது?

ஜூன் 2, திங்கள்

வர்ணிகா அழவில்லை. நான்தான்.

வீட்டு வாசலிலேயே ஏறலாம். ஆனால் மற்றப் பிள்ளைகள் மாதிரி நிறுத்தத்தில்தான் ஏற வேண்டும் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டதால் தெருமுனை வரைக்கும் நடந்தோம். பஸ்ஸில் உதவியாளராக இருக்கும் ராசாமணி அக்கா பின்படியில் நின்று அவளை அள்ளிக்கொண்டாள். அவர் டிரைவர் இருக்கையிலிருந்து எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடியில்தான் பார்த்தார். அக்கா கதவைச் சாத்தி "ரைட்" சொன்ன பிறகுதான் பஸ் நகர்ந்தது.

ஓட்டும்போது டிரைவர் போனைத் தொட்டால் வேலை போய்விடும். அதனால் அக்காவுக்கு அடித்தேன்.

"ஏனம்மிணி, இப்பத்தான ஏத்திவிட்ட? இன்னும் வாய்க்கால் பாலமே தாண்டல! போனை வெய்யி, எண்ணிக்கை விட்டுப்போவுது."

வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

சாயங்காலம் குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவர் பக்கத்தில் நின்று சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தார். போடுவதுமில்லை, கழற்றுவதுமில்லை. சும்மா திருகுகிறார். வாய் எதையோ மெல்லுவது போல அசைந்தது. "மாமா" என்றேன். இரண்டாம் தடவை கூப்பிட்டதும் "குடம் ரொம்பிருச்சு பாரு" என்று என்னையே அதட்டினார்.

யோசனையில் இருந்திருப்பார். எனக்கும் அப்படி ஆவதுண்டு.

மார்ச் மாதம் விழுந்தபோது நாக்கின் ஓரத்தில் பல் பட்டுக் கிழிந்திருந்தது. சில நாள் மோர்சாதம் மட்டும்தான் உண்டார். தூக்கத்தில் நாக்கைக் கடித்துக்கொள்கிறவர்கள் இருக்கத்தானே செய்கிறார்கள்.

ஜூன் 9, திங்கள்

ராசாமணி அக்கா மகளின் பிரசவத்துக்காகத் திருப்பூர் போகிறாள். திரும்பிவர மூன்று மாதமாவது ஆகும். உதவியாளர் இல்லாமல் பஸ் ஓடக் கூடாது. பள்ளியின் போக்குவரத்து மேனேஜர் செல்வநாயகம் சார் ஆள் தேடிக்கொண்டிருப்பதாக இவர் சொன்னார்.

"நான் வரட்டுமா?" என்றேன்.

"பி.காம் படிச்சுட்டு ஆயா வேலைக்கா?"

"வர்ணி கூடவே இருக்கலாமல்ல."

அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. "ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ்ங்கற," என்று சிரித்தார்.

வர்ணிகாவுக்காகத்தான் கேட்டேன். வேறு எதற்காகவும் இல்லை.

ஜூன் 11, புதன்

முதல் நாள். செல்வநாயகம் சார் என்னை நிற்க வைத்துப் பாடம் நடத்தினார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, பேசும்போது ஒரு பேனாவை எடுத்து நம் பக்கம் நீட்டுவார்.

"உங்க இடம் பின்படிக்குப் பக்கத்து சீட்டும்மா. நிறுத்தத்துல மொதல்ல நீங்க எறங்கோணும். அப்புறந்தான் புள்ளைங்க. யாரு கூட்டிட்டுப் போறவங்களோ அவங்க கையில குடுக்கோணும். தெரியாத மொகமா இருந்தா, அப்பனே வந்து நின்னாலும் குடுக்கப்படாது."

"அப்பனைத் தெரியாம இருக்குமுங்களா சார்?"

"வாய் பேசாதீங்க. கடைசில ஒவ்வொரு சீட்டா, சீட்டுக்கு அடியிலயும் குனிஞ்சு பாக்கோணும். தூங்கிப் போன புள்ளையை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போன கதையெல்லாம் இருக்குது."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எனக்குச் சொல்லித்தரவே வேண்டாம். இப்படிப்பட்ட பயங்களை நான் ஏற்கெனவே வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பட்டு முடித்திருக்கிறேன்.

பஸ் கிளம்பிய பிறகு முன்னால் போய் இன்ஜின் பெட்டிமேல் போட்டிருக்கும் மெத்தையில் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து அவர் முகம் நன்றாகத் தெரிகிறது.

"பின்னால போ இந்து," என்றார்.

"பின்னால குலுக்குது. தலை சுத்துது."

ஜூன் 13, வெள்ளி

பிள்ளைகள் என்னை "ஆயா அக்கா" என்று கூப்பிடுகிறார்கள். அவரை "டிரைவர் மாமா". வர்ணிகா மட்டும் கர்வமாக "எங்கப்பா" என்கிறாள். ஐந்தாம் வகுப்பு ரிஷ்வந்த் என்று ஒருவன், வாயாடி. "ஏனுங்க்கா, நீங்க எதுக்கு மாமாவையே பாத்துட்டு வரீங்க? லவ்வா?" என்று கேட்டான். பஸ்ஸே சிரித்தது. அவருக்குக் காது சிவந்துவிட்டது.

நானும் சிரித்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

 எழுத்து கோணல் மாணலாக வருகிறது, வரட்டும்.

சாயங்காலம் டிரிப். வாய்க்கால் கரையோடு வரும்போது அவர் வலது கை ஸ்டீயரிங்கில் இருந்தது. இடது கை சட்டைப் பட்டனுக்குப் போனது. நேர் ரோடுதான். எதிரே வண்டி இல்லை. நான் "மாமா, மாமா" என்றேன். ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். "என்னடி?" என்றார். கியரை மாற்றினார். அடுத்த நிறுத்தத்தில் சரியாக ஓரம் கட்டி நிறுத்தினார். பிள்ளைகள் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ பெரிய பிள்ளை கதவைச் சாத்தி "ரைட்" என்றது. பஸ் கிளம்பிவிட்டது.

அதற்கடுத்த நிறுத்தத்தில் ஹர்ஷினியின் தாத்தா குடையோடு நின்றிருந்தார். ஹர்ஷினி யு.கே.ஜி. பஸ்ஸில் இல்லை. சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். இல்லை. சிநேகிதியோடு கைகோத்துக்கொண்டு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டிருக்கிறாள் என்று ரிஷ்வந்த் சொன்னான்.

ஒரு பக்கம் வாய்க்கால்.

தாத்தாவையும் ஏற்றிக்கொண்டு பஸ்ஸைத் திருப்பினோம். பின்னால் ஆள் நிற்காமல் ரிவர்ஸ் எடுக்க மாட்டார். என்னை இறங்கி நிற்கச் சொன்னார். "வரலாம், வரலாம்" என்று நான் கையாட்டியது எனக்கே தெரியவில்லை. அந்தப் பெரியவர் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கம்பி வழியே வாய்க்காலையே பார்த்துக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஹர்ஷினி அங்கே மளிகைக் கடைப் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். கடைக்காரம்மா, "பஸ்ஸு திரும்பி வரும்னு தெரியும், அதான் உக்கார வெச்சேன்," என்றாள். அவள் காலில் விழலாம் போல இருந்தது.



ஜூன் 18, புதன்

காலை டிரிப் முடிந்து காலி பஸ்ஸில் வைத்துக் கேட்டார். சத்தம் போடவில்லை.

"பஸ்ஸுல உன்ற வேலை என்ன?"

"புள்ளைங்களப் பாக்கறது."

"நேத்து யாரைப் பாத்துட்டு இருந்த?"

சீட்டில் கிடந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"நானும் மொத நாள்ல இருந்து பாக்கறேன். கண்ணாடியப் பாத்தா உன்ற மூஞ்சிதான் தெரியுது. நான் என்ன திருடனா? எதுக்கு என்னையவே காவல் காக்கற?"

"நீங்க பட்டனைத் திருகறீங்க மாமா."

"என்ன?"

"பட்டன். திடீர்னு நின்னுர்றீங்க. கூப்புட்டா கேக்கறதில்ல. பால் பொங்கறப்ப, கொழாயடியில, நேத்து வாய்க்கால் மேட்டுல."

"எப்ப? நான் எப்பத் திருகுனேன்?"

கோபமாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டுக்கொண்டே தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். மேலிருந்து இரண்டாவது பட்டன் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டார், விட்டுவிட்டார். அவருக்கு நிஜமாகவே தெரியாது. இத்தனை நாளும் தெரிந்துதான் மறைக்கிறார் என்று நான் மனதுக்குள் அவர்மேல் ஒரு கோபம் வைத்திருந்தேன். இன்றைக்கு அது போய்விட்டது. பதிலுக்கு என்ன வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 21, சனி

ஈரோட்டில் நரம்பு மருத்துவர். இளவயதுப் பெண், எங்கள் வயதுதான் இருக்கும். தலையில் ஒயர்களை ஒட்டிப் பரிசோதனை எடுத்தார்கள். அப்புறம் இருவரையும் உட்கார வைத்துக் கேட்டார்.

"தூக்கத்துல எப்பவாவது கை கால் வெட்டி இழுத்திருக்கா?"

அவர் "இல்லீங்" என்றார். மருத்துவர் என்னைப் பார்த்தார்.

"மார்ச்சுல ஒரு தடவை."

"நாக்கைக் கடிச்சுக்கிட்டாரா?"

"ஆமாங்."

"துணியோட சிறுநீர் போயிடுச்சா?"

"ஆமாங்."

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். அன்றைக்கு வேட்டியை நான் அவர் எழுவதற்குள் மாற்றி அலசிப் போட்டிருந்தேன். சொம்புத் தண்ணீர் கொட்டிவிட்டது என்று சொல்லியிருந்தேன். அவரும் நம்பியிருந்தார்.

வலிப்புதான் என்றார் மருத்துவர். இழுப்பு வருவது ஒரு வகை, கொஞ்ச நேரம் நினைவு மட்டும் விலகிப் போவது ஒரு வகை. இவருக்கு இரண்டும் இருக்கிறது. மாத்திரையில் கட்டுப்படும், பயப்பட வேண்டாம். என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார்.

சொன்னோம்.

எழுதிக்கொண்டிருந்த மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "இனிமே ஓட்டக் கூடாதுங்க," என்றார். "மாத்திரை போட்டுக்கிட்டா?" என்று இவர் கேட்டார். "கூடாது." "மெதுவா, முப்பதுல?" "கூடாதுங்கண்ணா," என்றார் மறுபடி, இந்தத் தடவை ரொம்பத் தணிவாக.

திரும்பும்போது பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தது. இவர் அங்கே உட்காராமல் கடைசி வரிசைக்குப் போனார்.

ஜூன் 22, ஞாயிறு

"சொன்னா அன்னிக்கே வேலை போயிரும். வர்ணி சீட்டும் போயிரும்," என்றார். டிரைவர் பிள்ளை என்பதால்தான் அவளுக்கு அங்கே கட்டணமில்லாமல் இடம் கிடைத்தது.

"மாத்திரை வேலை செய்யட்டும். ஒரு மாசம். அதுக்குள்ள வேற வேலை பாத்துக்கறேன். நீதான் கூடவே இருக்கியே."

முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்தோம். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் ஏதாவது கேட்பேன், அவர் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் நான் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுச் சாவியைத் திருப்பிவிடுவேன். வேகம் எப்போதும் குறைவாகவே இருக்கும். பின்படியைப் பார்த்துக்கொள்ள ரிஷ்வந்தைப் பழக்கிவிடலாம்.

பேசி முடித்ததும் இருவருக்கும் மனம் லேசானது. எவ்வளவு பத்திரமான ஏற்பாடு என்றுகூட நினைத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

"மாமா, மணி என்னங்க?" இதுதான் என் கேள்வி. வாய்க்கால் பாலத்தில் கேட்டேன், ரைஸ் மில் திருப்பத்தில் கேட்டேன், வேகத்தடையில் கேட்டேன். நான்காவது தடவை ரிஷ்வந்த் எழுந்து, "ஆயா அக்காவுக்கு மணி பாக்கத் தெரியாதுடோய்!" என்றான். அப்புறம் ஒவ்வொரு திருப்பத்திலும் மொத்தப் பஸ்ஸும் "டிரைவர் மாமா, மணி என்ன?" என்று ராகம் போட்டது. அவரும் விடாமல் பதில் சொன்னார்.

வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு குஷியான பஸ் என்று தோன்றியிருக்கும்.

ஜூன் 26, வியாழன்

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மாத்திரை வேலை செய்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஹேண்ட் பிரேக் போட்டுப் பழக வேண்டும் என்று அவர்தான் சொன்னார். பக்கத்துக் காலி மனை பெரியது, மூலையில் மனைக்காரர் கட்டி வைத்திருக்கும் செங்கல் சுவர் மட்டும்தான். வர்ணிகாவை விட்டுவிட்டு வர ஆளில்லை, அவளையும் ஏற்றிக்கொண்டோம். மூன்றாவது வரிசையில் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, "ரைட்" சொல்வது அவள் வேலை.

முதல் கியரில் உருட்டினார். "இப்போ," என்பார். நான் குனிந்து கியருக்குப் பக்கத்திலிருக்கும் பிரேக்கை இழுப்பேன். பஸ் குலுங்கி நிற்கும். "சாவி." சாவியைத் திருப்புவேன். முதலில் கை வழுக்கியது. பிறகு பழகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டும் செய்தேன். "பாஸ்," என்றார். "உனக்கு லைசென்ஸே குடுக்கலாம்." கடைசியாக ஒரு சுற்று என்றார்.

கடைசிச் சுற்றில் அவர் "இப்போ" சொல்லவில்லை. விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்தேன். "மாமா, மணி என்னங்க?" என்றேன். கை பட்டனில் இருந்தது. கண் திறந்துதான் இருந்தது. கால் ஆக்ஸிலேட்டரில் இருந்தது. சுவர் வந்துகொண்டிருந்தது.

அப்போது நான் பிரேக்கைத் தொடவில்லை. அவரைத்தான் தொட்டேன். இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்து உலுக்கி, "மாமா, மாமா, என்னைப் பாருங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். பிரேக் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அது ஞாபகத்துக்கே வரவில்லை.

பஸ் சுவரில் மோதி நின்றது. வேகமில்லை. பம்பர் மடங்கியது, செங்கல் சரிந்தது. வர்ணிகா முன் சீட்டுக் கம்பியில் வாயை இடித்துக்கொண்டாள். உதடு கிழிந்து பொம்மைமேல் ரத்தம்.

நான் அடுக்கி வைத்த பெட்டியைத் திறந்து பஞ்சை எடுத்தேன். என் கையிலிருந்து அவர் அதை வாங்கிக்கொண்டார். அதற்குள் தெளிந்துவிட்டிருந்தார். அவள் உதட்டில் வைத்து அழுத்திக்கொண்டே, "என்ன ஆச்சு? என்ன ஆச்சு இந்து?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பம்பருக்கு என்ன சொல்றது?" என்றேன். "நாய் குறுக்க வந்துருச்சுன்னு சொல்லிக்கலாமுங்க."

இதைச் சொன்னது நான்தான். எங்கிருந்து அப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். "வர்ணி உள்ள இருந்தா இந்து," என்றார். 

ஜூன் 30, திங்கள்

டிரிப்புக்கு முன்னாலேயே போன் போட்டுச் செல்வநாயகம் சாரை வரவழைத்தார். வேறு டிரைவரையும் கூட்டிவரச் சொன்னார். சாவியை இரண்டு கையாலும் கொடுத்தார். மருத்துவரின் சீட்டையும் கொடுத்தார். பம்பரைக் காட்டினார். ஒன்றையும் விடவில்லை. தனக்கு முதலில் தெரியாது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார். அதை நான் சொன்னேன்.

செல்வநாயகம் சார் பேனாவை எடுக்கவில்லை.

"எப்பருந்தும்மா உங்களுக்குத் தெரியும்?"

"மார்ச்சுல இருந்துங்க சார்."

"முகாம் நடக்கறப்ப?"

"தெரியுமுங்க."

வாசலில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"என்ற பேத்தி இந்தப் பஸ்ஸுலதாம்மா வரா," என்றார். எனக்குத் தெரியாது. எந்தக் குழந்தை என்று கேட்கவும் வாய் வரவில்லை. "உங்க ஊட்டுக்காரன் குழந்தைவேலு தெரியாம ஓட்டுனான், ஒரு வாரந்தான் தெரிஞ்சு ஓட்டுனான். நீங்க மொதல்ல இருந்தே தெரிஞ்சு உக்காந்துட்டு இருந்தீங்க. உங்களை இனி பஸ்ஸுல ஏத்த முடியாது."

"சார், அவ பயந்துட்டா. பயத்துல—" என்று இவர் ஆரம்பித்தார்.

"எல்லா அம்மாவுக்கும்தான் பயம் இருக்குது," என்றார் சார்.

புது டிரைவர் இருபத்தைந்து வயது தாண்டாத பையன் மாதிரி இருந்தான். பஸ்ஸை எடுக்கும்போது இவர் தானாகவே பின்னால் போய் நின்று, "வரலாம், வரலாம்" என்று கையாட்டினார்.

ஜூலை 4, வெள்ளி

வர்ணிகாவின் சீட்டைப் பள்ளியில் எடுத்துவிடவில்லை. அவளை மொபெட்டில் நான்தான் கொண்டுவிடுகிறேன். உதட்டுப் புண் ஆறிவிட்டது. இவர் வீட்டில் இருக்கிறார். மிதியடியெல்லாம் அலசிக் காயப்போட்டார், மின்விசிறியைக் கழற்றித் துடைத்தார். மனைக்காரரின் சுவரைத் தானே சாந்து குழைத்துக் கட்டிக் கொடுத்தார். மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறார், போட்டதும் வாயைத் திறந்து எனக்குக் காட்டுகிறார், குழந்தை மாதிரி. நான் கேட்கவில்லை.

எதிர்வீட்டில், நாங்கள் பள்ளியை ஏமாற்றினோம் என்று பேசிக்கொண்டார்கள். காதில் விழட்டும் என்றுதான் பேசினார்கள். ஏமாற்றவில்லை என்று சொல்ல வாசல் வரைக்கும் போனேன்.  கோலமாவு டப்பாவை எடுக்க வந்தவள் போல அதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

செல்வநாயகம் சாரே வீட்டுக்கு வந்தார். மருத்துவரிடம் தானே பேசியதாகச் சொன்னார். பஸ்ஸில் உதவியாளர் வேலைக்கு இன்னும் ஆள் அமையவில்லையாம்.

"ஆம்பளை ஆயான்னு புள்ளைங்க சிரிக்கும். பரவாயில்லையா?"

"சிரிக்கட்டுமுங்க."

"மாத்திரை மாசா மாசம் என்ற கண்ணுல காட்டோணும்."

"காட்டறனுங்க."

"வலிப்பு வந்தா அந்தப் பையன் பஸ்ஸை ஓரங்கட்டிட்டு எனக்குப் போன் பண்ணுவான். அவங்கிட்டச் சொல்லிட்டேன். மறைக்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல."

சார் நன்றாக இருக்க வேண்டும் என்றிருந்தது எனக்கு. ஆனால் போகும்போது என்னிடம் அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

ஜூலை 14, திங்கள்

தெருமுனையில் மற்ற அம்மாக்களோடு நின்றேன். என்னிடமிருந்து ஒருத்தி ஓரடி தள்ளி நின்றாள். எங்கள் தெருவில் இருக்கும் ஹர்ஷினியின் அத்தை மட்டும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள்.

பஸ் வந்தது. அவர் முதலில் இறங்கினார். ஒவ்வொரு பிள்ளையாகக் கைப்பிடித்து ஏற்றினார். வர்ணிகாவையும் அதே மாதிரிதான், ஒரு முத்தம் கூடுதலாகக் கொடுக்கவில்லை. ரிஷ்வந்த் ஜன்னலிலிருந்து, "ஆயா மாமா, மணி என்ன?" என்றான். "கையை உள்ள எடுடா," என்றார். கதவைச் சாத்தி "ரைட்" என்றார். குரல் கொஞ்சம் உடைந்தது போல எனக்குத் தோன்றியது. எனக்கு எதுவும் தோன்றும்.

இன்று நான் யாருக்கும் போன் செய்யவில்லை. துணி துவைத்தேன், அரைத்தேன். மறுபடி அதே துணியைத் துவைத்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது வர்ணிகா சொன்னாள். "அம்மா, அப்பா பஸ்ஸுல உக்காந்துட்டே காலால தரைய அமுத்தறாரு. ஏம்ப்பான்னேன். முன்னால மாடு போகுதுன்னாரு. மாடே இல்ல!"

அவள் செய்து காட்டினாள். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடி வலது காலை நீட்டித் தரையில் ஓங்கி ஓங்கி மிதித்தாள். அவர் சிரித்தார். எனக்குத் தோசையைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது, எழுந்து போனேன்.

அவர் தட்டைக் கழுவ உள்ளே வந்தார்.

"அந்தப் பையன் பிரேக்கைக் கொஞ்சம் லேட்டாத்தான் புடிக்கறான்," என்றார்.

 தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஆனா நல்லா ஓட்டறான் இந்து," என்றார்.